ஏழாவது சிவப்புத் திட்டு

ஆகஸ்ட் 29

காலையில் பல் தேய்த்துக்கொண்டே மெயில் பார்க்கும் கெட்ட பழக்கத்துக்கு இன்று ஒரு பலன். பின்லாந்தில் ஓர் ஆய்வகம். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காடுகளில் நடக்கும் மாற்றங்களை ஆராய, முனைவர் பட்டம் முடித்த ஒருவர் வேண்டுமாம். இரண்டு வருட வேலை. பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஜனவரியோடு ஐந்து முடிகிறது. அந்தப் பொடி எழுத்து இல்லாத அறிவிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆக, இதுதான் கடைசி.

வாயில் நுரையோடு மறுபடி மறுபடி படித்தேன். பிறகு கல்லூரிக்குப் போய் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அட்சரேகை நடத்தினேன். வருடா வருடம் அதே அட்சரேகை. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். மே மாதம் வந்தால் கௌரவம் லீவில் போய்விடும், சம்பளமும் கூடவே போய்விடும். "என்ன பூங்கோதை, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று துறைத் தலைவர் கேட்டார். தலைவலி என்றேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிடைக்காமல் போனால் இவர்கள் காட்டும் அனுதாபத்தை என்னால் தாங்க முடியாது.

ராத்திரியே விண்ணப்பித்துவிட்டேன்.

செப்டம்பர் 8

முதல் சுற்றில் தப்பித்துவிட்டேன். அடுத்தது ஒரு சோதனை. ஆய்வகத்தை நடத்தும் ஹெலேனா என்ற அம்மாள் எழுதியிருக்கிறார்: "நீங்கள் நடந்து பழகிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே எங்கள் வரைபடம் எப்படித் தவறு செய்கிறது என்று சொல்லுங்கள்." எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. தன் தவறைக் கேட்டு வாங்கும் ஆளை நம் ஊர்க் கல்லூரிகளில் விளக்கு வைத்துத் தேட வேண்டும்.

அவர்களுடைய வரைபடம் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, மரங்கள் போன இடத்தையெல்லாம் சிவப்பாக்கும். சோதனைக்கு வந்திருக்கும் எங்களுக்கு மட்டும் அதில் கை வைக்கும் உரிமை தந்திருக்கிறார்கள். சிவப்பு தப்பு என்றால் காரணம் எழுதி அழிக்கலாம்.

நான் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பேன்? வத்தலக்குண்டிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறும் எங்கள் கீழ்மலையைத்தான். அம்மாவும் தம்பி தண்டபாணியும் அங்கே காபித் தோட்டத்தில் இருக்கிறார்கள். நான் மதுரைக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது என்றாலும், அந்த மலையில் எந்த வளைவில் எந்த மரம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

வரைபடத்தைத் திறந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். ஏழு சிவப்புத் திட்டுகள். ஏழும் காபித் தோட்டங்கள்! மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். கல்யாண முருங்கை, சில்வர் ஓக் எல்லாவற்றிலும் கிளையைக் கழித்துவிட்டு மரத்தை மொட்டையாக நிற்க வைப்பார்கள், காபிச் செடிக்கு வெயில் விழுவதற்காக. மேலேயிருந்து பார்க்கிற கம்ப்யூட்டருக்குக் காடே போனதாகத் தெரியும். மழை பெய்தால் கார்த்திகைக்குள் எல்லாம் துளிர்த்துவிடும். இது தெரியாமல் பின்லாந்தில் ஒரு கம்ப்யூட்டர் எங்கள் மலைக்கு அம்மை போட்டிருக்கிறது.

ஏழில் ஒன்று எங்கள் வீடு.

செப்டம்பர் 9

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"பாணி, நம்ம தோட்டத்துல கவாத்து முடிஞ்சுதா?"

லைன் கட்டாகிவிட்டது, அவனே மறுபடி கூப்பிட்டான். மலையில் சிக்னல் அப்படித்தான்.

"ஏங்க்கா?"

"சும்மாதான் கேக்குறேன். மேப்புல நம்ம வீட்டுப் பக்கம் செவப்பாக் காட்டுது. கவாத்துதானே?"

"ஆமாக்கா. கவாத்துதான். வேறென்ன?"

பின்னால் கர்ர்ர் என்று ஏதோ மெஷின் ஓடியது. என்ன சத்தம் என்று கேட்டேன். "பக்கத்துத் தோட்டத்துல புல்லு வெட்டுறாய்ங்கக்கா" என்றான். பிறகு, "அந்த மேப்ப பாரஸ்ட்டுக்காரங்க பாப்பாங்களா?" என்று கேட்டான். எல்லாரும் பார்க்கலாம்டா, ஆனா பயப்படாதே, அக்கா அழிச்சுடுவேன் என்றேன். அவனுக்கு இதிலெல்லாம் ஆர்வம் வந்திருப்பது சந்தோஷமாக இருந்தது.

ஏழையும் அழித்தேன். நிழல் மரக் கவாத்து பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். எங்கள் திட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: "நான் பிறந்து வளர்ந்த வீடு இது." அனுப்பிவிட்டுத் தம்பிக்கு மெசேஜ் போட்டேன்: "மேப்பில் அழித்தாயிற்று." கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினான்.

செப்டம்பர் 26

கிடைத்துவிடும் போலிருக்கிறது! எழுதவே பயமாக இருக்கிறது. கடைசிச் சுற்றில் இரண்டே பேர். ஹெலேனா எழுதுகிறார்: "எங்கள் கணினிக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள்." டிசம்பர் ஐந்தாம் தேதி ஆன்லைனில் உரை. அதில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். மழைக்குப் பிறகு எடுத்த தெளிவான படத்தில் அந்தத் திட்டுகள் மறுபடி பச்சையானதைக் காட்ட வேண்டும்.

பூ உதிர்வதை மேலேயிருந்து காட்டச் சொன்னால் கஷ்டம். பச்சையாவதைக் காட்டுவதில் என்ன இருக்கிறது?

அக்டோபர் 5

மேகம்.

அக்டோபர் 10

மேகம். செயற்கைக்கோள் ஐந்து நாளைக்கு ஒரு தடவை மலைக்கு மேலே போகிறது. போகிற அன்றைக்கெல்லாம் யாரோ சொல்லி வைத்ததுபோல மலை போர்த்திக்கொள்கிறது.

அக்டோபர் 12

அம்மா போன் செய்தாள். ரேஷன் கடை, முட்டிவலி, எனக்கு வந்த வரன் (நாற்பத்தொரு வயது, ஒட்டன்சத்திரத்தில் உரக்கடை) எல்லாம் முடிந்த பிறகு சொன்னாள்:

"பூவு, இப்பல்லாம் பொழுதுசாஞ்சு வாசல்ல உக்காந்தா வத்தலக்குண்டு லைட்டு பூராம் தெரியுதுடி. பொட்டுப் பொட்டா, அம்புட்டு அழகா இருக்கு."

ஜூன் மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தோம். நன்றாக வேலை செய்கிறது. டாக்டருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

"மத்தியானம் வெயிலு அடுப்படி வரைக்கும் வந்துருது. அதுதான் ஒரு ரோதன" என்றாள். இந்த வருடம் எல்லா இடத்திலும் வெயில் கூடுதல்தான்.

அக்டோபர் 15

மேகம். மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். அலமாரியில் பருப்பு டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். பிறகு மறுபடி பழைய மாதிரியே வைத்தேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். திருத்த வேண்டியது ஒரு கட்டுதான், அதுவும் முடிந்துவிட்டது. ஏன் போகவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மழையில் பஸ் நிற்கும், மண் சரியும், அலைச்சல்.

தம்பி ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருக்கிறான். கீழே சமவெளி முழுக்கத் தெரிகிறது, தூரத்தில் அணை வெள்ளிபோல மின்னுகிறது. "மார்னிங் வியூ" என்று எழுதியிருக்கிறான். பாறை உச்சிக்குப் போய் எடுத்திருப்பான். படத்தின் ஓரத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டி ஒன்று தெரிகிறது. எங்கள் வீட்டுத் தொட்டி மாதிரியே மூடி உடைந்திருக்கிறது. நீலத் தொட்டி இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

ஒற்றை ஆளுக்காக அதிரசம் வாங்கி, பாதியைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 3

ஹெலேனா கேட்கிறார்: "மேகம் தொந்தரவு செய்தால் ரேடார் படத்தைப் பார்க்கலாமே?" உண்மைதான். ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். இலை இருக்கிறதா, மரமே இருக்கிறதா என்றுகூட ஓரளவுக்குச் சொல்லும். படங்கள் எல்லாம் தயாராக, இலவசமாக இருக்கின்றன. பத்து நிமிட வேலை.

மலைச்சரிவில் ரேடார் படம் நம்பகமாக இருக்காது என்று பதில் எழுதினேன். இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். என் ஆய்வேட்டில் அதை எப்படிச் சரிசெய்வது என்று ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி எழுதவில்லை.

நவம்பர் 14

மேகம். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பின்லாந்துக் குளிருக்கு என்ன போடுவார்கள் என்று தேடினேன். மதுரையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கம்பளிக் காலுறை பார்த்தேன்.

நவம்பர் 24

பாதிப் படம் கிடைத்தது! ஆறு திட்டுகள் தெரிகின்றன. ஆறும் பச்சை. நல்ல, கொழுத்த, மழை குடித்த பச்சை. எழுந்து நின்று கைதட்டினேன்.

ஏழாவதன் மேல் மட்டும் ஒரு மேகத்துண்டு. சரியாக எங்கள் வீட்டின் மேலே. அதைப் பார்த்ததும் "அப்பாடா" என்று இருந்தது. ஏன் அப்பாடா என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

நவம்பர் 29

முழுப்படம் வந்தது. ஒரு மேகம் இல்லை.

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன். மொட்டைமாடிக் குழாய் ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 30, மலையில்

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற பாதையில் எப்போதும் கடைசி வளைவு வரை வீடு தெரியாது. இன்று ரோட்டிலிருந்தே தெரிந்தது. அங்கேயே நின்று ஒரு போட்டோ எடுத்தேன்.

பலா இல்லை, சில்வர் ஓக் வரிசை இல்லை, சரிவு முழுக்க ஒரு மரம் இல்லை. அடிக்கட்டைகளைத் தம்பி மண் போட்டு மூடியிருக்கிறான். மேல் பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த இரண்டு அறைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. தங்கிப் போகிறவர்களுக்காம். காபிச் செடியெல்லாம் இலை கருகி நின்றது.

தம்பி சிமெண்டுக் கையோடு வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"கவாத்துன்னு சொன்னியேடா!" என்று கத்தினேன்.

"நீதான்க்கா கவாத்தான்னு கேட்ட. நான் ஆமான்னேன்."

"பொய் சொல்லியிருக்க."

"ஆமா, பொய்தான். நீ ஒரு தடவ நேர்ல வந்து பாத்தியா? தீவாளிக்காச்சும் வந்தியா? மேல இருந்தே பாத்துக்கிட்டு இருந்தா எப்புடித் தெரியும்?"

மலையில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும், இது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னான். அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன், எழுதாவிட்டால் நான் கொஞ்ச நாளில் மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

"மொதல்ல வாசலுக்கு நேரா இருந்த நாலஞ்சு மரந்தான்க்கா. அத வெட்டவே பயந்து பயந்துதான் வெட்டுனேன். மேப்புல செவப்பாக் காட்டுதுன்னு நீ சொன்னப்ப, அதோட நிப்பாட்டிரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீயே அழிச்சாச்சுன்னு மெசேஜ் போட்ட. அதுக்கப்புறந்தான் மிச்சத்த வெட்டுனேன்."

அவன் போனில் என் மெசேஜ் இன்னும் இருக்கும், கைகூப்பும் பொம்மையோடு.

அம்மா காபி கொண்டுவந்து தந்தாள். அம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"இம்புட்டு வருசமா மரத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்டி. இப்பத்தான் நாலு ஊரு தெரியுது" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அம்மா சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து அழுத மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிளம்பும்போது தம்பி ரோடு வரை வந்தான். வழியில் உரையைப் பற்றிச் சொன்னேன். "வெள்ளிக்கிழம பேசப்போறேல்ல, அதுல ஆறு எடத்தக் காட்டுனா போதாதா? ஏழாவத யாருக்கா எண்ணப் போறா? நீ பாட்டுக்கு வெளிநாடு போயிரு. நான் பாட்டுக்கு இங்க பொழச்சுக்கிறேன்."

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் எனக்கும் லாபம் இருந்தது.

டிசம்பர் 2

ஆறு திட்டுகளை வைத்து உரை தயார் செய்தேன். மிக நன்றாக வந்திருக்கிறது. ஏழாவது தானாகவே படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது, லேசாகப் பெரிதாக்கினால் போதும்.

டிசம்பர் 4

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், மேப்புல தப்பு இருந்தா யாரு திருத்துவா?" யாராவது திருத்துவார்கள் என்றேன். மணி அடித்தது.

சட்டத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். மறுபடி பெரிதாக்கினேன். சோறு வைக்கவில்லை, பன் தின்றேன்.

டிசம்பர் 5

பேசி முடித்துவிட்டேன்.

ஏழாவதை முதலில் வைத்தேன். கடைசியில் வைத்திருந்தால் ஆறின் அழகில் மயங்கி அதைத் தாண்டிப் போயிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். ஆகஸ்ட் படம், நவம்பர் படம், பிறகு ரோட்டில் நின்று எடுத்த போட்டோ. இது கவாத்து இல்லை, இங்கே மரங்கள் போய்விட்டன, நான் போனில் கேட்டு அழித்தேன், நான் அழித்ததால் மீதி மரங்களும் போயின என்று சொன்னேன். என் ஆங்கிலம் தடுமாறியது. நிஜத்தைச் சொல்லும்போது இலக்கணம் கைகொடுப்பதில்லை.

பிறகு ஆறு பச்சைத் திட்டுகளையும் காட்டினேன். அதில் குரல் தெளிந்துவிட்டது.

ஹெலேனா கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஆறையும் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பிறகு எப்படித் தெரியும்?"

"பச்சையாகிவிட்டதே."

"வெட்டிய இடத்தில் களை முளைத்தாலும் மேலேயிருந்து பச்சைதானே?"

அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

மாலையில் அந்த வரைபடத்தைத் திறந்து எங்கள் வீட்டின் மேல் மறுபடி சிவப்பை வைத்தேன். அழித்தவரோ ஆய்வகமோதான் திரும்ப வைக்க முடியும், அப்படி ஒரு ஏற்பாடு. ஒரே ஒரு க்ளிக். தம்பிக்கு நானே போன் செய்து சொன்னேன். கேட்டுக்கொண்டான். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

டிசம்பர் 15

வேலை இன்னொருவருக்கு.

மெயில் மரியாதையாகத்தான் இருக்கிறது. கடைசிப் பத்தியை மட்டும் இங்கே தமிழில் எழுதுகிறேன்: "ஏழில் நீங்கள் நேரில் பார்த்தது ஒன்றைத்தான். அதைப் பதிவில் வைத்துக்கொள்கிறோம். மற்ற ஆறையும், யாராவது போய்ப் பார்க்கும் வரை, மறுபடி சிவப்பாக்குகிறோம்."

அதாவது, ஒரு தப்பும் செய்யாத ஆறு தோட்டங்கள் உலகத்தின் முன்னால் காடழித்த இடங்களாக நிற்கும், நான் போய்ப் பார்க்காததால்.

ஐந்து வருடக் கெடு, பொடி எழுத்து, கம்பளிக் காலுறை, எல்லாம் முடிந்தது. நன்றாக அழுதேன். முகம் கழுவிக்கொண்டு மறுபடி அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வேலை எனக்கு வேண்டும், இப்போதும் வேண்டும்.

டிசம்பர் 18

அம்மா பேசினாள். வனத்துறை ஆள் வந்து சரிவை அளந்துவிட்டுப் போனாராம். கட்டட வேலை நிற்கிறதாம். "உன் பேச்ச எடுத்தாலே அவன் சோத்துல கையக் கழுவிட்டு எந்திரிச்சுர்றான்டி" என்றாள். பிறகு, "நீ இங்க வந்தா சாப்பிட என்ன செய்ய?" என்று கேட்டாள். அம்மாவிடம் வருவதாக நான் சொல்லவே இல்லை.

கல்லூரியில் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டேன்.

டிசம்பர் 20, மலையில்

முதல் தோட்டம் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சரிவில் இருக்கிறது. ஓடை தாண்டி ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, மதுரைக் காலாகிவிட்டது.

மரங்கள் இருந்தன. வெட்டிய ஒவ்வொரு கிளை முனையிலும் கொத்துக் கொத்தாகத் துளிர். தண்டைத் தொட்டுப் பார்த்தேன், இலையைக் கிள்ளினேன், ஒவ்வொரு மரமாக நின்று போட்டோ எடுத்தேன். தோட்டக்கார அம்மாள் பழம் பறிக்கிற கூடையோடு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? மரத்தையெல்லாம் படம் புடிக்கிறீங்க?"

மேப், செயற்கைக்கோள், சிவப்பு என்று என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். உங்கள் தோட்டத்தில் குற்றமில்லை என்று எழுதத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. என் ஊர் எது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"எந்தப் பக்கம் வீடு?"

முன்பெல்லாம் இதற்குப் பதில் சொல்ல நேரமாகும். எந்தச் சரிவு, எந்த வளைவு, யார் தோட்டத்துக்கு மேலே என்று அடையாளம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இப்போது கையை நீட்டினால் போதும்.

"அந்தா, எதிர்மலையில மொட்டையாத் தெரியுதுல்ல, அதுதான்."

அவர் நெற்றிக்கு மேல் கைவைத்துப் பார்த்தார்.

"ஆத்தாடி, அதுவா! நாங்க இந்த மழையில மண்ணு சரிஞ்சுருச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

"இல்லங்கம்மா" என்றேன். "வெட்டுனது."